எஃப்.ஐ.ஆர். இல்லை, டிஸ்சார்ஜ் சம்மரியில் ‘தானே விழுந்தார்’: விபத்து இழப்பீடு கிடைக்குமா?

கடிதம், சுருக்கமாக

திருப்பூரை ஒட்டிய ஊரிலிருந்து 43 வயது வாசகி ஒருவர் எழுதியிருக்கிறார். பெயரும் ஊரும் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் விட்டுவிடுகிறேன். பனியன் கம்பெனியில் ஓவர்லாக் டெய்லர். நாலரை மாதத்துக்கு முன் ஷிப்ட் முடிந்து ஸ்கூட்டியில் வீடு திரும்பும்போது, சந்திலிருந்து நிற்காமல் மெயின் ரோட்டில் ஏறிய கார் ஒன்று பக்கவாட்டில் இடித்திருக்கிறது. வலது மணிக்கட்டு முறிந்து, ஆபரேஷன் செய்து பிளேட் வைத்திருக்கிறார்கள். காரை ஓட்டியவரே தன் வண்டியில் ஏற்றித் தனியார் மருத்துவமனைக்குக் கொண்டுபோய் 10,000 ரூபாய் அட்வான்ஸ் கட்டினாராம். மறுநாள் வாசகியின் கணவருக்கு ஜிபேயில் 15,000 அனுப்பினாராம்.

போகிற வழியிலேயே அவர் சொன்னது: “ஆக்சிடென்ட்னு சொன்னா போலீஸ் வரணும்பாங்க, ட்ரீட்மென்ட் லேட் ஆகும். வண்டி ஸ்லிப் ஆகி விழுந்ததாச் சொல்லிக்கலாம்ங்க, செலவு பூரா நான் பாத்துக்கறேன்.” வலியில் இருந்தவர் சரி என்றுவிட்டார். டிஸ்சார்ஜ் அன்று ஒரு வெள்ளைத்தாளில் எழுதி, ரெவின்யூ ஸ்டாம்ப் ஒட்டி, இருவரும் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள். மொத்த பில் 1,62,000. அதற்குப் பிறகு கார்க்காரர் போனை எடுப்பதில்லை.

மாதம் 16,000 ரூபாய் சம்பாதித்த கை இப்போது மெஷினில் துணியைத் திருப்ப முடியாமல் இருக்கிறது. பிசிறு வெட்டும் வேலைக்கு மாறியிருக்கிறார், சம்பளம் பாதிகூட இல்லை. பி.எஃப்., ஈ.எஸ்.ஐ. எதுவும் கிடையாது. போன மாதம் ஸ்டேஷனுக்குப் போனபோது, “நாலு மாசம் கழிச்சு வந்தா எப்படிம்மா எஃப்.ஐ.ஆர். போடறது, ஆஸ்பத்திரிச் சீட்டுலயே தானா விழுந்ததாத்தான இருக்குது” என்று அனுப்பிவிட்டார்களாம். ஆறு மாதம் தாண்டினால் எஃப்.ஐ.ஆரே போட முடியாது என்று பக்கத்து வீட்டுக்காரர் பயமுறுத்துகிறார். விபத்து நடந்த அன்று ஸ்கூட்டியின் இன்சூரன்ஸ் முடிந்து இரண்டு மாதம் ஆகியிருந்தது என்பது இன்னொரு பயம். இதற்கு நடுவில் ஏஜென்ட் ஒருவர் வந்து, “ஒத்துக்கற டிரைவரோட வேற வண்டி ஒண்ணு இருக்குது, அந்த நம்பர்ல கேஸ் போட்டுக்கலாம், வர்றதுல பாதி எனக்கு” என்கிறாராம்.

“எஃப்.ஐ.ஆர். இல்லாம எனக்கு ஏதாவது கிடைக்குமா, இல்லை மறந்துவிட்டு வேலையைப் பார்ப்பதா?” என்று கேட்டு முடித்திருக்கிறார்.

அன்புள்ள சகோதரிக்கு,

முதலில் பதிலைச் சொல்லிவிடுகிறேன், விளக்கம் அப்புறம். எஃப்.ஐ.ஆர். இல்லாமலும் மோட்டார் வாகன விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில் மனுப் போடலாம். மறந்துவிட்டு வேலையைப் பார்க்க வேண்டிய வழக்கு அல்ல உங்களுடையது. ஆனால் நீங்கள் எதை நினைத்துப் பயப்படுகிறீர்களோ அதைவிடப் பெரிய ஓட்டை வேறொரு இடத்தில் இருக்கிறது. நீங்கள் படமெடுத்து அனுப்பிய டிஸ்சார்ஜ் சம்மரியின் முதல் பக்கத்தில் ‘ஹெச்/ஓ செல்ஃப் ஃபால் ஃப்ரம் டூ வீலர்’ (இருசக்கர வாகனத்திலிருந்து தானே விழுந்தார்) என்று ஒரு வரி இருக்கிறதே, அதுதான். எஃப்.ஐ.ஆர். இல்லாததை ஈடுகட்டிவிடலாம். இந்த வரிக்குப் பதில் சொல்லாமல் ஓர் அடி நகர முடியாது.

எஃப்.ஐ.ஆர். எதற்கு, எதற்கு இல்லை

குற்றம் நடந்ததாகப் போலீசுக்கு வரும் முதல் தகவலைப் பதிவு செய்வதுதான் எஃப்.ஐ.ஆர். கிரிமினல் வழக்கு அதிலிருந்து தொடங்குகிறது. நீங்கள் கேட்கப்போவது இழப்பீடு. அது மோட்டார் வாகனச் சட்டம், 1988-ன் 166-வது பிரிவில் வருகிறது, எஃப்.ஐ.ஆர். இருந்தால்தான் மனு என்று அந்தப் பிரிவில் எங்கும் இல்லை. கிரிமினல் கோர்ட்டில் குற்றத்தைச் சந்தேகத்துக்கு இடமில்லாமல் நிரூபிக்க வேண்டும். தீர்ப்பாயத்தில் அவ்வளவு தேவையில்லை. இரண்டு தரப்புக் கதைகளில் உங்களுடையதுதான் நடந்திருக்க அதிக வாய்ப்பு என்று நீதிபதிக்குப் பட்டால் போதும். உச்ச நீதிமன்றம் 2009-ல் பிம்லா தேவி வழக்கில் இதைச் சொன்னது, அதற்குப் பிறகும் பலமுறை சொல்லிவிட்டது.

தாமதத்துக்கும் தீர்ப்பு இருக்கிறது. லாரியில் சிறுவன் ஒருவன் அடிபட்ட வழக்கு, ரவி எதிர் பத்ரிநாராயண், 2011. விபத்து நடந்து மூன்று மாதத்துக்கும் மேல் ஆன பிறகே எஃப்.ஐ.ஆர். பதிவானது. அடிபட்டவரைக் காப்பாற்றுவதில்தான் குடும்பத்தின் கவனம் இருக்கும், உடனே ஸ்டேஷனுக்கு ஓடவில்லை என்பதற்காக மனுவைத் தள்ள முடியாது என்றது உச்ச நீதிமன்றம். கூடவே ஒன்றையும் சொன்னது: தாமதமாக வந்த புகாரை இன்னும் கூர்ந்து பார்க்க வேண்டும். ஆக, காலதாமதம் உங்களைத் தோற்கடிக்காது. ஆனால் நீங்கள் சொல்லும் ஒவ்வொரு வரியையும் இரண்டு முறை உரசிப் பார்ப்பார்கள்.

நடைமுறையில் என்ன ஆகும் என்பதையும் சொல்ல வேண்டும். எஃப்.ஐ.ஆர். இருந்தால் அதன் பின்னாலேயே பார்வை மகஜர் (இடத்தைப் பார்த்து எழுதும் குறிப்பு), ரஃப் ஸ்கெட்ச், மோட்டார் வாகன ஆய்வாளரின் அறிக்கை எல்லாம் வந்துவிடும். 2022 ஏப்ரலிலிருந்து நடைமுறையில் உள்ள விதிகளின்படி போலீசே 48 மணி நேரத்தில் முதல் அறிக்கையும், 90 நாளில் விரிவான அறிக்கையும் தீர்ப்பாயத்துக்கு அனுப்ப வேண்டும். உங்களுக்கு இதில் எதுவும் கிடைக்கவில்லை, எனவே அந்த வேலை முழுவதும் உங்கள் தலையில். சில இடங்களில் மனுவைப் பரிசீலிக்கும் அலுவலகமே, ‘எஃப்.ஐ.ஆர். நகல் எங்கே’ என்று எழுதி ரிட்டர்ன் செய்துவிடும். அதைப் பார்த்து மனு தள்ளுபடியாகிவிட்டது என்று நினைத்து உட்கார்ந்துவிடாதீர்கள். காரணத்தை விளக்கி, ஸ்டேஷனில் கொடுத்த புகாரின் நகலையும் வைத்து வக்கீல் மறுபடி தாக்கல் செய்வார். அது வழக்கமான ஒன்றுதான்.

‘தானே விழுந்தார்’ என்ற வரி

இன்சூரன்ஸ் கம்பெனி வக்கீலின் இடத்தில் உட்கார்ந்து பாருங்கள். அவர் கையில் இருப்பது, விபத்து நடந்த அரை மணி நேரத்தில், எந்த வழக்கும் மனதில் இல்லாத ஒரு டியூட்டி டாக்டர் எழுதிய குறிப்பு. உங்கள் கையில் இருப்பது மாதக்கணக்கில் கழித்துக் கொடுத்த புகார். “தானாக விழுந்தார், பிறகு யாரோ சொல்லிக்கொடுத்து ஒரு காரைக் கோத்துவிட்டார்” என்பதுதான் அவருடைய வாதமாக இருக்கும். பொய்யான விபத்து வழக்குகள் உண்மையிலேயே நிறைய நடப்பதால், நீதிபதிக்கும் அந்தச் சந்தேகம் எளிதில் வரும். மருத்துவமனையின் ரெக்கார்டு பிரிவு ஊழியரைச் சாட்சிக்கு அழைத்து உங்கள் சிகிச்சைப் பதிவான கேஸ் ஷீட்டைச் சான்றாவணமாகக் குறியீடு செய்துவிட்டால், அவர்கள் தரப்பு வேலை பாதி முடிந்தது.

இதற்கு என்ன செய்யலாம்? செய்யக்கூடாததை முதலில் சொல்கிறேன். அந்த வரியைத் திருத்தித் தரச் சொல்லி மருத்துவமனையில் கேட்காதீர்கள், தெரிந்தவர் மூலமாகவும் கேட்காதீர்கள். திருத்திய ரெக்கார்டு எப்படியும் தெரிந்துவிடும், அதோடு உங்கள் மீதி ஆதாரங்களும் செல்லாக்காசாகிவிடும். அதற்குப் பதிலாக, நடந்ததை நடந்தபடி எழுதி ஒரு கடிதம் கொடுங்கள்: இன்ன தேதியில் சேர்ந்தபோது, அழைத்து வந்தவர் சொன்னபடி தானே விழுந்ததாகச் சொன்னேன், உண்மையில் இன்ன எண்ணுள்ள கார் இடித்தது. நகலில் தேதி போட்டு முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள். அதே கடிதத்தில் உங்கள் கேஸ் ஷீட் முழுவதையும் கேளுங்கள். டிஸ்சார்ஜ் சம்மரி மட்டும் போதாது.

கேஸ் ஷீட்டை ஏன் வலியுறுத்துகிறேன் என்றால், அதற்குள்தான் உங்களுக்குச் சாதகமானது இருக்கிறது. அட்மிஷன் படிவத்தில் ‘அழைத்து வந்தவர்’ என்று ஒரு கட்டம் இருக்கும். பெயர், போன் நம்பர், நோயாளிக்கு என்ன உறவு என்று கேட்டிருப்பார்கள். உங்கள் கணவர் வந்து சேர இரண்டு மணி நேரம் ஆனது என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படியானால் அதற்கு முன் அந்தக் கட்டத்தை நிரப்பியது யார்? அட்வான்ஸ் ரசீது யார் பெயரில்? ஏதாவது சம்மதப் படிவத்தில் கையெழுத்துப் போட்டது யார்? தானாக விழுந்த ஒரு பெண்ணை, முன்பின் தெரியாத ஒருவர் ஆஸ்பத்திரியில் சேர்த்து, 10,000 கட்டி, மறுநாள் 15,000 அனுப்புவாரா என்ற கேள்விக்கு எதிர்த் தரப்பால் சுலபமாகப் பதில் சொல்ல முடியாது. ‘இரக்கப்பட்டுச் செய்தேன்’ என்று அவர் சொல்லக்கூடும். சொல்லட்டும், நீதிபதி அதை எடை போடுவார்.

இன்னொன்றை நீங்களே கவனிக்கவில்லை என்று நினைக்கிறேன். தையல் பிரித்த பிறகு பிசியோதெரபிக்காக அரசு மருத்துவமனைக்குப் போயிருக்கிறீர்கள். நீங்கள் அனுப்பிய அந்த ஓ.பி. சீட்டின் மேல் மூலையில் டாக்டர் ‘ஆர்.டி.ஏ.’ என்று கிறுக்கியிருக்கிறார். சாலை விபத்து என்று அர்த்தம். தேதி விபத்து நடந்து மூன்று வாரத்துக்குள். கார்க்காரர் போனை எடுக்காமல் போவதற்கு முன்பே, வழக்குப் போடும் எண்ணம் வருவதற்கு முன்பே, ஒரு அரசு டாக்டரிடம் நீங்கள் உண்மையைச் சொல்லியிருக்கிறீர்கள். அந்தச் சீட்டைப் பத்திரப்படுத்துங்கள். மடித்த இடத்தில் கிழியத் தொடங்கியிருக்கிறது. லேமினேட் செய்யாமல் ஒரு பிளாஸ்டிக் கவரில் போட்டு வையுங்கள்.

சாட்சி என்று பார்த்தால், பேக்கரிக்காரர் ஓடி வந்து உங்களைத் தூக்கினார் என்கிறீர்கள். உங்கள் கொழுந்தனார் பிறகு வந்து காரைப் படமெடுத்தவர், மோதியதைப் பார்த்தவர் இல்லை, சொந்தக்காரர் வேறு. பேக்கரிக்காரரின் சாட்சிதான் எடை கூடியது. அவர் தயங்கினால், உதவிக்கு வந்தவரைத் தொந்தரவு செய்யக்கூடாது என்று மோட்டார் வாகனச் சட்டத்திலேயே 134-ஏ என்ற பிரிவு இருப்பதைச் சொல்லுங்கள். சி.சி.டி.வி. பதிவு பெரும்பாலான கடைகளில் சில வாரத்திலேயே மேல்பதிவாகி அழிந்துவிடும். கேட்டுப் பாருங்கள், நம்பியிருக்காதீர்கள்.

கையெழுத்துப் போட்ட வெள்ளைத்தாள்

இதை நினைத்துத்தான் தூக்கம் வரவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். நான் அதைப் படித்தபோது எனக்கு வந்தது நிம்மதி. கார்க்காரர் தன் கையாலேயே எழுதியிருக்கிறார்: “மேற்படி தேதி மாலை என்னுடைய காரும் மேற்படியாரின் ஸ்கூட்டியும் மோதிக்கொண்டதில் மேற்படியாருக்குக் கையில் காயம் ஏற்பட்டு, வைத்தியச் செலவுக்கு ரூ. 25,000 கொடுத்துவிட்டபடியால், இனி ஒருவர் மேல் ஒருவர் எந்த நடவடிக்கையும் எடுப்பதில்லை.” கார் நம்பரும் இருக்கிறது, தேதியும் இருக்கிறது, கையெழுத்தும் இருக்கிறது. உங்களைக் கட்டிப்போடுவதற்காக எழுதிய தாளில், மருத்துவமனையில் தான் சொல்லச் சொன்னது பொய் என்று அவரே எழுதிக் கொடுத்திருக்கிறார்!

கடைசி வரியைக் காட்டி எதிர்த் தரப்பு வாதிடத்தான் செய்யும். ஆனால் அந்தத் தாளில் இன்சூரன்ஸ் கம்பெனி ஒரு தரப்பு இல்லை. நியாயமான இழப்பீடு எவ்வளவு என்று தீர்மானிக்க வேண்டியது 168-வது பிரிவின்படி தீர்ப்பாயத்தின் பொறுப்பு. ஆஸ்பத்திரி வாசலில், கட்டுப் போட்ட கையோடு, சட்டம் தெரியாமல் 25,000-க்குப் போட்ட கையெழுத்து என்பதை மனதில் வைத்துத்தான் நீதிபதி அதைப் பார்ப்பார். வாங்கிய 25,000-ஐ மறைக்காமல் மனுவிலேயே சொல்லுங்கள், கழித்துக்கொள்வார்கள்.

ஒரே சிக்கல், மூலத்தாள் கார்க்காரரிடம், உங்களிடம் இருப்பது போனில் எடுத்த படம். அந்தப் படம் எந்தப் போனில் எடுக்கப்பட்டதோ அதை விற்காதீர்கள், ரீசெட் செய்யாதீர்கள். மின்னணு ஆதாரத்துக்கு பாரதிய சாட்சிய சட்டம் 63-வது பிரிவின்படி சான்றிதழ் கொடுக்க வேண்டும், உங்கள் வக்கீல் தயார் செய்வார். மூலத்தைத் தாக்கல் செய்யச் சொல்லி கார்க்காரருக்கு நோட்டீசும் கொடுக்கலாம். கையெழுத்து என்னுடையது இல்லை என்று அவர் மறுத்தால், மருத்துவமனைப் படிவத்தில் போட்ட கையெழுத்தோடு ஒப்பிடலாம். கேஸ் ஷீட் வேண்டும் என்று நான் சொன்னதற்கு அதுவும் ஒரு காரணம். ஜிபே பரிவர்த்தனை வங்கி ஸ்டேட்மென்டிலும் வரும், அந்தப் பக்கத்தை வங்கி முத்திரையோடு வாங்கி வையுங்கள்.

அந்தக் காருக்கு அடிபட்டிருந்தால் அவர் தன் இன்சூரன்சில் டேமேஜ் கிளெய்ம் போட்டு ரிப்பேர் செய்திருக்கவும் கூடும். கிளெய்ம் ஃபாரத்தில் எங்கே, எப்போது, எதோடு மோதியது என்று எழுதியாக வேண்டும். அதைத் தாக்கல் செய்யும்படி தீர்ப்பாயம் கம்பெனிக்கு உத்தரவிட உங்கள் வக்கீல் மனுக் கொடுக்கலாம். இதை எல்லா வக்கீலும் கேட்பதில்லை, நீங்கள் ஞாபகப்படுத்துங்கள்.

ஆறு மாதம் எதற்கு?

பக்கத்து வீட்டுக்காரர் சொன்னதில் எண் சரி, இடம்தான் மாறிப்போயிருக்கிறது. ஆறு மாதம் என்பது எஃப்.ஐ.ஆருக்கு இல்லை, தீர்ப்பாயத்தில் மனுப் போடுவதற்கு. 1994-ல் எடுத்துவிட்ட இந்தக் கெடுவை 2019-ம் ஆண்டுத் திருத்தம் திரும்பக் கொண்டுவந்தது. 2022 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதை எதிர்த்த வழக்குகள் உச்ச நீதிமன்றத்தில் உள்ளன. காலம் கடந்தது என்ற காரணத்துக்காக மனுக்களைத் தள்ளுபடி செய்ய வேண்டாம் என்று 2025 நவம்பரில் ஓர் இடைக்கால உத்தரவும் வந்தது. இடைக்கால உத்தரவு எந்த நாளிலும் மாறலாம். உங்களுக்கு இன்னும் ஒன்றரை மாதம் இருக்கிறது, அதற்குள் மனுவைப் போட்டுவிடுங்கள். ஸ்டேஷன் விவகாரம் முடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம். விபத்து நடந்த இடத்துக்குப் போக வேண்டும் என்பதும் இல்லை. நீங்கள் குடியிருக்கும் பகுதிக்கான தீர்ப்பாயத்திலேயே போடலாம்.

போலீஸ் விஷயத்தில், எலும்பு முறிவு சட்டப்படி கொடுங்காயம். அஜாக்கிரதையால் கொடுங்காயம் ஏற்படுத்துவது பாரதிய நியாய சன்ஹிதாவின் 125(பி) பிரிவில் வருகிறது. மூன்று ஆண்டுவரை தண்டனை உள்ள குற்றம். அதற்கு வழக்கை நீதிமன்றம் ஏற்பதற்கான காலக்கெடுவும் மூன்று ஆண்டு. நாலு மாதம் ஆகிவிட்டது என்பது பதிவு செய்ய மறுக்கக் காரணமே இல்லை.

நீங்கள் போன மாதம் வாயால் சொல்லிவிட்டு வந்திருக்கிறீர்கள். இந்த முறை எழுத்தில் கொடுங்கள். முதல் பத்தியிலேயே ‘மருத்துவமனையில் தானே விழுந்ததாகச் சொன்னேன், ஏன் அப்படிச் சொன்னேன் என்றால்’ என்று ஆரம்பித்துவிடுங்கள். எதிராளி கண்டுபிடித்துச் சொல்வதற்கு முன் நீங்களே சொல்லிவிடுவது நல்லது. சி.எஸ்.ஆர். ரசீது, அதாவது புகாரைப் பெற்றுக்கொண்டதற்கான ரசீது, கேளுங்கள். கொடுக்கவில்லை என்றால் அதே புகாரை மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்கு, மாநகர எல்லை என்றால் கமிஷனருக்கு, ஒப்புகையோடு பதிவுத் தபாலில் அனுப்புங்கள், குற்றவியல் நடைமுறைச் சட்டமான பி.என்.எஸ்.எஸ். 173(4) அதற்கு வழி சொல்கிறது. அதற்கும் அசையவில்லை என்றால் மாஜிஸ்திரேட்டிடம் மனு. எஃப்.ஐ.ஆர். கடைசிவரை வராமலே போனாலும், நீங்கள் கேட்டீர்கள், அவர்கள் மறுத்தார்கள் என்பதற்கு அந்த ஒப்புகை அட்டை தீர்ப்பாயத்தில் பேசும்.

உங்கள் ஸ்கூட்டி இன்சூரன்ஸ் முடிந்திருந்தது தனிக் கணக்கு. போலீஸ் பிடித்தால் முதல் முறைக்கு 2,000 ரூபாய் அபராதம். அதற்கும், இடித்த காரின் இன்சூரன்சிலிருந்து உங்களுக்கு வர வேண்டியதற்கும் சம்பந்தம் இல்லை. 2,000 ரூபாய்க்குப் பயந்து லட்சக்கணக்கில் விட்டுவிடாதீர்கள். இப்போதாவது புதுப்பித்துவிட்டீர்கள்தானே?

அந்தக் காருக்கு விபத்துத் தேதியில் இன்சூரன்ஸ் இருந்ததா என்பதுதான் நீங்கள் பார்க்க வேண்டியது. எம்பரிவாஹன் செயலியில் நம்பரைப் போட்டால் பாலிசி எந்தத் தேதிவரை என்று காட்டும். இன்றே பார்த்து ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். பாலிசி இல்லாத கார் என்றால் உரிமையாளரிடமிருந்துதான் வசூலிக்க வேண்டும், அது நெடும்பாடு.

எவ்வளவு எதிர்பார்க்கலாம்

இரண்டு வழி இருக்கிறது. யார் மேல் தப்பு என்று நிரூபிக்காமலே, 164-வது பிரிவில் கொடுங்காயத்துக்கு இரண்டரை லட்சம் கிடைக்கும். அந்தக் கார் விபத்தில் சம்பந்தப்பட்டது என்பதை மட்டும் காட்டினால் போதும். ஆனால் அந்தத் தொகையை ஒப்புக்கொண்டால் 166-ல் போட்ட மனு காலாவதியாகிவிடும். இரண்டையும் வாங்க முடியாது.

166-ல் தப்பு கார்க்காரருடையது என்று காட்ட வேண்டும், தொகை கூடுதலாக வரலாம். உங்களுக்கு எப்படி வரும் என்று ஒரு தோராயக் கணக்கு. வருட வருமானத்தை வயதுக்கேற்ற ஓர் எண்ணால் பெருக்குவார்கள், 41 முதல் 45 வயதுவரை அந்த எண் 14. மாதம் 16,000 என்றால் வருடத்துக்கு 1,92,000. உங்கள் வேலைத்திறன் 15 சதவீதம் போய்விட்டது என்று தீர்ப்பாயம் ஏற்றால், 1,92,000-ஐ 14-ஆல் பெருக்கி அதில் 15 சதவீதம்: 4,03,200 ரூபாய். இதற்கு மேல் ஆஸ்பத்திரி பில், வேலைக்குப் போகாத மாதங்களின் சம்பளம், கூட இருந்து பார்த்துக்கொண்டவருக்கான செலவு, வலிக்கும் வேதனைக்கும் ஒரு தொகை, மனுப் போட்ட நாளிலிருந்து வட்டி. 15 என்பது கணக்குக்காக நான் போட்ட எண். உங்கள் கையைப் பார்த்து மருத்துவக் குழு சொல்வதுதான் நிஜம்.

இங்கேதான் பல வழக்குகள் இளைத்துப் போகின்றன. டாக்டர் கையைப் பார்த்து ‘இத்தனை சதவீத ஊனம்’ என்று எழுதுவார். அதே சதவீதம்தான் வருமான இழப்பும் என்று நினைத்துவிடக் கூடாது. உடல் ஊனம் வேறு, அது உங்கள் தொழிலை எந்த அளவு பாதிக்கிறது என்பது வேறு என்று 2010-ல் ராஜ்குமார் எதிர் அஜய் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் பிரித்துக் காட்டியது. மணிக்கட்டு முழுதாகத் திரும்பவில்லை என்றால் கணக்கு எழுதும் ஒருவர் ஓரளவு சமாளித்துவிடுவார். ஓவர்லாக்கில் துணியை வளைத்துத் தள்ளும் உங்களுக்கு அந்தத் திருப்பம்தான் சம்பளம். நீங்கள் முன்பு ஒரு ஷிப்டில் எத்தனை பீஸ் ஓட்டினீர்கள், இப்போது ஏன் முடியவில்லை என்பதை உங்கள் லைன் சூப்பர்வைசர் வந்து சொன்னால், டாக்டர் சொல்லும் சதவீதத்தைவிட அது அதிகம் உதவும். சம்பளம் ரொக்கமாக வாங்கியதால் ஆதாரம் இல்லை என்கிறீர்கள். வாரச் சம்பளக் கவர், கம்பெனி நோட்டில் போட்ட பீஸ் கணக்கு, எது இருந்தாலும் எடுத்து வையுங்கள்.

ஏஜென்டுக்கு என்ன பதில்

வேண்டாம் என்று ஒரே வார்த்தையில் சொல்லி அனுப்புங்கள். இடிக்காத வண்டியை இடித்ததாகச் சொல்வது மோசடி; மாட்டினால் வழக்கு உங்கள் பெயரிலும் வரும். உங்களிடம் உண்மையான கார் நம்பரும், ஓட்டியவர் கைப்பட எழுதிய தாளின் படமும் இருக்கும்போது பொய்யான வண்டி எதற்கு? வர்றதில் பாதி என்பதும் முறையில்லாத பேச்சு. வழக்கில் கிடைக்கும் பணத்தில் பங்கு என்று கட்டணம் பேசுவதை வக்கீல்களுக்கே பார் கவுன்சில் விதிகள் தடை செய்திருக்கின்றன.

கையில் காசு இல்லை என்றால், உங்கள் மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் இருக்கும் சட்டப் பணிகள் ஆணைக்குழு அலுவலகத்துக்குப் போங்கள். பெண்களுக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவசமாக வக்கீல் வைத்துத் தர 1987-ம் ஆண்டுச் சட்டத்தில் இடம் இருக்கிறது. ஆதார், ஆஸ்பத்திரிப் பேப்பர்கள், அந்தத் தாளின் பிரின்ட், இவற்றோடு போங்கள்.

கார்க்காரரிடம் ஒரு பேச்சு

அவர் ஏன் ஓடுகிறார் என்று யோசித்தீர்களா? பெரும்பாலும் இப்படி நழுவுகிறவர்கள், முழுத் தொகையும் தங்கள் கையிலிருந்துதான் போகும் என்று நினைத்துக்கொள்கிறார்கள். பாலிசி உயிரோடு இருந்து, ஓட்டியவருக்கு லைசென்சும் இருந்தால், பணம் தரப்போவது இன்சூரன்ஸ் கம்பெனி. அடிபட்ட வெளியாள் கேட்கும் மூன்றாம் நபர் கிளெய்ம் வந்தால் நோ கிளெய்ம் போனஸ்கூடப் போகாது. அது சொந்த டேமேஜ் பகுதிக்கானது. விபத்தைப் போலீசுக்கும் கம்பெனிக்கும் சொல்ல வேண்டியது 134-வது பிரிவின்படி அவர் கடமை, மருத்துவமனையில் சேர்த்ததோடு அது முடிந்துவிடவில்லை. இதையெல்லாம் மிரட்டலாக இல்லாமல், உங்கள் கணவர் ஒரு வாட்ஸாப் செய்தியாக எழுதி அனுப்பட்டும். “அன்னைக்கு நீங்க உதவுனதுக்கு நன்றிங்க, உங்க இன்சூரன்ஸ் கம்பெனிகிட்ட ஒரு தகவல் மட்டும் சொல்லுங்க” என்ற தொனியில் போதும். பதில் எதுவாக இருந்தாலும் அழிக்காமல் வையுங்கள்.

மனுப் போட்டு நோட்டீஸ் போனதும் அவரோ கம்பெனியோ பேச வருவார்கள். இன்னொரு வெள்ளைத்தாள் வேண்டாம். சமரசம் என்றால் தீர்ப்பாயம் மூலம், அல்லது லோக் அதாலத்தில். லோக் அதாலத்தில் முடிந்ததற்கு மேல்முறையீடு கிடையாது, அதனால் அங்கே உட்காருவதற்கு முன் உங்கள் ஆர்த்தோ டாக்டரிடம், பிளேட்டை எடுக்க வேண்டிவருமா, எப்போது, எவ்வளவு ஆகும் என்று எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். அந்தச் செலவையும் சேர்த்துக் கேட்டு, அதற்குப் பிறகு எண்ணைப் பேசுங்கள்.